காருக்கு வெள்ளையடித்த கதை

நாற்பது வயதைத் தாண்டிய கிருகஸ்தனுக்குத் திடீரென்று ஏதாவதொரு கைத்தொழிலில் மோகம் பிறப்பது சகஜம். சிலர் தோட்டம் போடுகிறார்கள். சிலர் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டிவிட்டு, மிஞ்சிப்போன சக்கரத்தை யாருக்கும் தெரியாமல் மேஜை டிராயரில் ஒளித்து வைக்கிறார்கள். நமக்குப் பிறந்த மோகம், நம் காருக்கு நம் கையாலேயே வர்ணம் பூசவேண்டும் என்பது.

"காருக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்களா? அப்படியே சமையலறைச் சுவருக்கும் இரண்டு கை பார்த்துவிடுங்கள்" என்றாள் நம் இல்லாள். நாம் பதில் சொல்லவில்லை. பெரிய காரியங்களை ஆரம்பிக்கிறவர்கள் முதலில் வீட்டாரின் பரிகாசத்துக்கு ஆளாவது உலக வழக்கம் என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம்.

சாகுபுரம் என்ற ஊரை நேயர்கள் எல்லோரும் அறிந்திருக்க நியாயமில்லை. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் மார்க்கத்தில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது. 1950-களின் இறுதியில் இங்கே எழுந்த ரசாயனத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. சுற்றிலும் உப்பளங்கள், அப்பால் கடல். மார்க்கோ போலோ தமது பிரயாண நூலில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய காலத்தில், இந்தக் கடற்கரை முத்துக்குப் பெயர் போனது. முத்துக்குளிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. உப்பு மட்டும் நிற்கவில்லை. தேசத்தில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தூத்துக்குடிச் சீமையில்தான்.

உப்பு விளைகிற ஊரில் இரும்பு வைத்துக்கொண்டு வாழ்வது, எலி உள்ள வீட்டில் பலகாரம் வைத்துக்கொண்டு வாழ்வதைப் போன்றது. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கிணற்று ராட்டினம் எதையும் கடற்காற்று விட்டுவைப்பதில்லை. காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, இராக் காலத்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுகிறது. பிறகு நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

இத்தகைய ஊரில் நம்மிடம் இருப்பது ஓர் அம்பாஸிடர் கார். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வம்சத்தில், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிறந்த ஜாதி. 2014-ம் வருஷத்தோடு அந்த உற்பத்தியும் நின்றுபோயிற்று. நம் தகப்பனார் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அவர் காலமான பிறகு, விற்கவும் மனமின்றி, பேணவும் வகையின்றி, வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தோம்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பட்டறையில் அதன் முன்பாகத்துக்கு மாத்திரம் வர்ணம் பூசினோம். எந்தப் பட்டறை, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பளபளவென்று வந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் மட்கார்டு ஓரத்தில் கடுகளவு குமிழி கிளம்பிற்று. கடுகு மிளகாயிற்று, மிளகு சுண்டைக்காயாயிற்று. விரலால் அமுக்கினால் நொறுங்கி, உள்ளிருந்து செம்மண் போல் துரு உதிர்ந்தது. மறுபடி பூச விசாரித்தபோது, நம் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமானமான தொகையைச் சொன்னார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் இதற்குள் இரண்டு தடவை வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷத்தில் இதே கடற்கரையில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனியே ஆரம்பித்தார். அந்தச் சீமையில் பிறந்த நாம் ஒரு காருக்கு வர்ணம் பூசமாட்டோமா? கோடை விடுமுறையும் வந்தது. காரியத்தில் இறங்கினோம்.

வர்ணம் பூசுவது என்றால் வர்ணத்தைப் பூசுவது என்றே அதுவரை நினைத்திருந்தோம். ஆறுமுகநேரியில் நெடுநாளாகக் கார் பெயிண்டு வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர், நாம் இரவலாகக் கேட்ட கம்ப்ரஸரைக் கொண்டுவந்து இறக்கும்போது அந்த எண்ணத்தைத் திருத்தினார்.

"ஸார், பத்து நாள் சோலின்னா ஒன்பது நாள் தேய்க்கிறதுதான். பெயிண்டு அடிக்கிறது ஒரு நாள். இந்த ஒன்பது நாளும் வெளியில தெரியாது. ஆனா தெரியாததுலதான் இருக்கு எல்லாம்."

உப்பு தின்றதை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது என்பது நம் பாஷையில் உள்ள வேடிக்கை. முதலில் 80-ம் நம்பர்த் தாள். துரு போய் இரும்பு வெள்ளிபோல் மின்னும் வரையில் அதுதான். பிறகு 220, பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரில் 400, 600 என்று நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். முதல் நாள் சாயங்காலம் நம் கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. இரண்டாம் நாள் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் நம் மகளும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

தேய்க்கத் தேய்க்கக் காரின் சரித்திரம் வெளிப்பட்டது. பட்டறையில் பூசிய மட்கார்டில் மேலே வெள்ளை. அதன்கீழ் சாம்பல் நிறப் பிரைமர். அதன்கீழ் பட்டி, ஏறக்குறைய விரற்கடைக் கனத்துக்கு. பட்டியைப் பெயர்த்தால் அதன்கீழ் பழைய துரு அப்படியே இருந்தது. துருவைச் சுரண்டாமலே மேலே பட்டி பார்த்து மெழுகியிருக்கிறார்கள். பட்டி என்பது ஈரத்தை உறிஞ்சும் வஸ்து. உள்ளே உப்பும் துருவும் இருக்க, மேலே ஈரத்தைத் தேக்கிவைத்த பாண்டம் போல் அது வேலை செய்திருக்கிறது. ஐந்து வருஷத்தில் குமிழி கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

இடது பின்கதவில் மாத்திரம் இரண்டு கையகலத்துக்கு ஒரு பழைய ஒட்டு இருந்தது. மற்ற இடத்து வெள்ளையோடு சேராத ஒரு மாதிரி பழுப்பு வெள்ளை. பிரஷ் ஓடிய கோடுகள் அதில் நன்றாகத் தெரியும். நம் தகப்பனார், நாம் பத்தாவது படிக்கும்போது, வீட்டு ஜன்னலுக்குப் பூசும் எனாமலை வாங்கித் தாமே பூசியது. அந்த ஒட்டைக் கண்டு நம் சகமாணவர்கள் சிரித்ததுண்டு. அதனால் பள்ளிக்கூட வாசலுக்கு நூறு கெஜம் முன்னாலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வோம். அவர் ஏனென்று கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

அந்த இடம் குமிழி இல்லாமல் கெட்டியாக இருந்தபடியால், மேலாக மாத்திரம் தேய்த்துவிட்டு விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால், எப்படியும் மேலே புது வெள்ளை மூடிவிடும், பிறகு அந்தக் கோடுகள் நம் கண்ணில் படா என்ற எண்ணமும் இருந்தது.

தேய்த்து முடிந்ததும் காரைக் கழுவவேண்டும். நம் கிணற்றுத் தண்ணீரும் கரிப்பானபடியால், குடிப்பதற்கென்று பிடித்து வைத்த தாமிரபரணித் தண்ணீரில் கழுவினோம். கண்ணுக்குத் தெரியாத உப்பு ஒரு துளி இரும்பின்மேல் நின்றுவிட்டாலும், அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த வர்ணம் பூசினாலும் பயனில்லை. கழுவிய உடனே துடைத்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் பூசிவிடவும் வேண்டும். இரும்பை வெறுமனே ஓர் இரவு விட்டால், காலையில் மஞ்சள் பூசிக் குளித்தது போல் துரு ஏறியிருக்கும்.

இனி எந்த வர்ணம் என்ற பிரச்னை. ஆதிகால மோட்டார்களுக்குப் பிரஷால் எண்ணெய் வார்னிஷ் பூசுவார்கள். ஒரு வண்டி காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். ஹென்ரி போர்டு 1914 முதல் 1925 வரை தமது டி மாடல் காரைக் கறுப்பில் மாத்திரமே விற்றதும் அந்தக் காலத்துச் சங்கதி. 1923-ம் வருஷத்தில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியார், பஞ்சையும் அமிலத்தையும் கொண்டு செய்யும் நைட்ரோ ஸெல்லுலோஸிலிருந்து 'டூகோ' என்ற வர்ணத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்பிரே செய்தால் வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று. கார்களுக்குப் பல நிறங்களும் வந்தன. அந்த ஜாதி வர்ணத்தைத்தான் பட்டறைகளில் என்.ஸி. பெயிண்டு என்கிறார்கள். இந்நாளில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே வர்ணம் அதைவிட உறுதியானது. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐஸோஸயனேட் புகை நுரையீரலுக்குப் பெரும் ஆபத்து; தகுந்த சுவாச சாதனம் இல்லாமல் வீட்டு முற்றத்தில் கையாளத் தக்கதன்று. ஆகவே என்.ஸி. என்று தீர்மானித்தோம். நிறம் பழைய வெள்ளையேதான். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழையும் மாற்றவேண்டும். அதற்கு நமக்குப் பொறுமையில்லை.

தின்னரின் ஆவி நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். ஆகவே அன்று காலை அடுப்பை அணைக்கச் சொன்னோம். நம் தாயார் முற்றத்துத் துளசி மாடத்து விளக்கைத் தாமே அணைத்து உள்ளே எடுத்துப் போனார். முகமூடி அணிந்து, கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டி, விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரமே உத்தமம் என்று நினைத்து, ஆறு மணிக்கு ஸ்பிரே துப்பாக்கியை எடுத்தோம். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் ஒரே வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு வரியும் முந்தின வரியின்மேல் பாதி ஏறும்படி அடிக்க வேண்டும். அப்படியே அடித்தோம்.

முதலில் பானெட்டின்மேல் அபராதம் விளைந்தது. பளிச்சென்று இருக்கவேண்டிய வர்ணம், மூடுபனி படிந்தது போல் மங்கி, சுண்ணாம்பு பூசியதாகக் காட்சி தந்தது. "சமையலறைச் சுவர் இதைவிட நன்றாக இருக்குமே" என்றாள் இல்லாள். திகைத்து நிற்கும்போதே, மகள் இடது பின்கதவின் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

அங்கே தகப்பனார் பூசிய ஒட்டு, காய்ச்சிய பாலின்மேல் ஆடை சுருங்குவது போலச் சுருங்கிக்கொண்டிருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி வரியாக மடிந்து, இரும்பை விட்டுக் கிளம்பிற்று.

டெலிபோனில் அழைத்ததும் அண்ணாச்சி பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். பானெட்டைப் பார்த்தார்; கதவைப் பார்த்தார்.

"விடிய ஆறு மணிக்கா அடிச்சிய? பனி ஈரம் இறங்கியிருக்கிற நேரமுல்லா அது!"

மண்பானைத் தண்ணீர் ஆவியாகிக் குளிர்வது போல, தின்னர் வேகமாக ஆவியாகும்போது வர்ணமும் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுதியாக இருந்தால் அது பனித்துளியாக வர்ணத்துக்குள்ளேயே படிந்து வெளுத்துவிடுகிறது. நம் கடற்கரையில் வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகும், கடற்காற்று புழுதியோடு புறப்படுவதற்கு முன்னும், ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள்தான் அடிக்கவேண்டும் என்றார். அது சரிசெய்யக் கூடிய பிழை.

"கதவு கதை வேற. எனாமல் மேல என்.ஸி. அடிக்கவே கூடாது ஸார். இதோட தின்னர் அதைத் தூக்கிரும். ஒட்டை முழுசாச் சுரண்டிருங்க."

எனாமல் என்பது காற்றோடு கலந்து மெல்ல இறுகும் ஜாதி. என்.ஸி.யின் கடுமையான தின்னர் அதற்குள் இறங்கி ஊதிப் பெருக்கிவிடுகிறது. நாம் அறியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கேட்க நமக்குத் தோன்றவில்லை.

சுரண்டினோம். சுருங்கிய எனாமல் சுருள் சுருளாக வந்தது. அதன்கீழ் இன்னொரு கோட்டு எனாமல். அதன்கீழ் காவி நிறத்தில் ரெட் ஆக்ஸைடு, அதுவும் இரண்டு கோட்டு. இடையில் தாள் போட்டுத் தேய்த்த அடையாளம் தெரிந்தது. அதையும் ஓர் ஓரத்தில் தேய்த்தபோது வெறும் இரும்பு தெரிந்தது. கடுகளவு துருவும் இல்லை. பட்டி என்பது பெயருக்குக்கூட இல்லை. முப்பது வருஷ உப்புக்காற்று அந்த இரண்டு கையகலத்தை ஒன்றும் செய்யவில்லை.

அண்ணாச்சி அதை விரலால் தடவிப் பார்த்தார். "இது எந்தப் பட்டறையில போட்டது?" என்று கேட்டார்.

திண்ணையிலிருந்த நம் தாயார்தான் பதில் சொன்னார்: "பட்டறை இல்லய்யா. இவுக அப்பா செஞ்சது. மூணு நாளு ராத்திரி வேலை விட்டு வந்து தேய்ச்சாக. நான் லாந்தர் பிடிச்சேன். பட்டறைக்குக் கொடுக்க வச்சிருந்த ரூபாயைத்தான் இவன் பள்ளிக்கூடத்துல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறாகன்னு கொடுத்துட்டாகளே."

ஊட்டிப் பிரயாணம் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்பி வந்த வாரத்தில்தான் அந்த ஒட்டைக் கண்டு நூறு கெஜத்துக்கு முன்னால் இறங்க ஆரம்பித்தோம். இரண்டையும் சேர்த்து நினைக்க நமக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அன்று மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

மறுநாள், கதவுக்கு ரெட் ஆக்ஸைடு பூசும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் ரசாயனம் படிக்கும் நம் மகள் ஒரு செய்தி சொன்னாள். அந்தக் காவிக்கும், மேலே அடிக்கப்போகும் வெள்ளைக்கும் தாய் ஒன்றாக இருக்கலாம் என்றாள்.

அதன் விவரம் இது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் கிடைக்கும் கருமணலில் இல்மனைட் என்ற தாதுப்பொருள் உண்டு. இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவோடு கூடி அதில் பிணைந்திருக்கின்றன. அதிலிருந்து இரும்பைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. உலகத்தில் வெள்ளை வர்ணம் என்று விற்பதில் பெரும்பாலானவற்றுக்கு வெண்மை தருவது அதுதான். பிரிப்பதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அமிலத்துக்குக் குளோரின் வேண்டும். குளோரினுக்கு உப்பு வேண்டும். உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பதுதான் நம் சாகுபுரத்துத் தொழிற்சாலையின் மூலத்தொழில். அந்த அமிலத்தில் கருமணலை வேகவைத்துச் செயற்கை ரூடைல் செய்கிறார்கள். அதுவே வெள்ளை நிறமிக்கு மூலப்பொருள். கழிந்து போகும் இரும்புக் கரைசலையும் வீணாக்காமல், அதிலிருந்து சிவப்பும் மஞ்சளுமான இரும்பு ஆக்ஸைடு நிறமிகளைச் செய்கிறார்கள்.

நாமோ இதே ஊரில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும், உப்பு நம் காரைத் தின்கிறது என்ற ஒன்றை மாத்திரமே அறிந்திருந்தோம். காருக்கு வெள்ளையும் காவியும் தருகிற வழி அந்த உப்பளத்தின் வழியாகவே போகிறதென்று அறியவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வளவு கருமணல் இருந்தும், நம் தேசம் இன்றும் வெள்ளை நிறமியைப் பெருமளவில் வெளிநாட்டிலிருந்தே தருவிக்கிறது. மூலப்பொருளை அனுப்பிவிட்டுச் சரக்கை வாங்குவது, பருத்தியைக் கப்பலேற்றி லங்காஷயர் துணி வாங்கிய காலத்துப் பழக்கம். கடைசிப் படியையும் நாமே ஏறினால்தான் அது விடும்.

நிற்க. கதவைச் சீர்செய்து, பானெட்டைத் தேய்த்து, ஒன்பது மணி வெயிலில் மறுபடி அடித்தோம். மூன்று கோட்டுகள், இடையிடையே காயவிட்டோம். பூச்செல்லாம் சேர்ந்தும் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பாகம்தான், அதாவது ஒரு தலைமயிர்க் கனம். அதைக் கொண்டுதான் கடலைத் தடுக்கப் பார்க்கிறோம். இரண்டு வாரம் இறுகவிட்டு, 1500-ம் நம்பர்த் தாளும் தண்ணீரும் கொண்டு தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பாலிஷ் செய்தோம். கூரையில் ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பு கொஞ்சம் நின்றுவிட்டது. பானெட்டில் ஒரு கொசு நித்திய வாசம் செய்கிறது. "பரவாயில்லை, சமையலறையையும் ஒப்படைக்கலாம்" என்று இல்லாள் சர்டிபிகேட் கொடுத்தாள். பழைய இரும்பு வியாபாரி மூன்றாம் தடவை வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

இடது பின்கதவைத் திறந்தால், உள்விளிம்பில் நாம் டேப் ஒட்டி மறைத்திருந்த இடத்தில், நான்கு விரற்கடை அகலத்துக்கு அந்தப் பழுப்பு வெள்ளை தப்பி நின்றிருக்கிறது. பிரஷ் கோடுகளும் இருக்கின்றன. அதைத் தொடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த நாளில் காரை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஸார், எந்தப் பட்டறையில பெயிண்டு அடிச்சிய?" என்றான்.

"எங்கள் வீட்டில்தான்" என்றோம். "எங்கள் அப்பாவிடம் கற்றுக்கொண்டது."